கவனக்குறைவு என்னும் எளிய விடை

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்துச் சிதறும் ஒவ்வொரு முறையும், மறுநாள் நாளிதழில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெற்றுவிடுகிறது. மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டது என்பார்கள். அல்லது மணிமருந்தைக் கையாண்ட தொழிலாளி கவனக்குறைவாக இருந்துவிட்டார் என்பார்கள். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். அவர்களில் பலர் முதல் வெடிப்பைக் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 பிப்ரவரியில் வெம்பக்கோட்டை அருகே ராமுத்தேவன்பட்டியில் 10 பேர். ஊர்ப் பெயரும் எண்ணிக்கையும் மாறுகின்றன. அந்த வாக்கியம் மாறுவதில்லை.

அந்த வாக்கியத்தில் பொய் இல்லாமல் இருக்கலாம். ஆனால், அது விசாரணையை முடித்துவைக்கும் வாக்கியம். கவனக்குறைவாக இருந்ததாகச் சொல்லப்படுபவர் பெரும்பாலும் இறந்தவர்களுள் ஒருவராக இருப்பார். அவர் எழுந்துவந்து மறுக்கப் போவதில்லை. மனிதன் தவறு செய்வான் என்பது தெரிந்திருந்தும், ஒரு தவறுக்குப் பத்து உயிர்கள் விலையாகும் வண்ணம் அந்த வேலையை அமைத்தவர் யார் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

இந்தக் கேள்வியை எண்ணும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் ஆல்ஃபிரட் நோபல். நம்மில் பலருக்கு அவர் ஒரு பரிசின் பெயர். தாகூருக்கும் சர் சி.வி. ராமனுக்கும் கிடைத்த பரிசைத் தோற்றுவித்தவர் என்ற அளவில் பள்ளிப் பாடத்தில் அவரைக் கடந்துவிடுகிறோம். பொருளாதாரம் கற்பித்தவனாகிய எனக்கு அவரோடு அந்த உறவும் இல்லை; அவரது உயிலில் பொருளாதாரத்துக்குப் பரிசு கிடையாது. அதை 1968இல் ஸ்வீடனின் மத்திய வங்கிதான் அவர் நினைவாக ஏற்படுத்தியது. ஆனால், வெடிமருந்தை வைத்துப் பிழைக்கும் ஒரு மாவட்டத்தில் இருப்பவர்கள் அவருடைய வாழ்க்கையை வேறொரு காரணத்துக்காகப் படிக்க வேண்டும். மனிதத் தவற்றை என்ன செய்வது என்ற கேள்வியோடு போராடிய வாழ்க்கை அது.

1833 அக்டோபர் 21 அன்று ஸ்டாக்ஹோமில் நோபல் பிறந்தபோது, அவருடைய தந்தை இம்மானுவேல் கடனில் மூழ்கி நொடித்துப்போயிருந்தார். பிழைப்புத் தேடி ரஷ்யா சென்ற அந்தத் தந்தை, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கடற்கண்ணிகளும் இயந்திரங்களும் செய்து தலைநிமிர்ந்தார். 1842இல் குடும்பம் அங்கே சென்று சேர்ந்தது. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஆசிரியர்கள் வந்து கற்பித்தனர். இளம் வயதிலேயே ஆல்ஃபிரட் பல ஐரோப்பிய மொழிகளில் தேர்ந்தார், வேதியியலில் ஆழ்ந்தார். கிரிமியப் போர் முடிந்ததும் ரஷ்ய அரசின் கொள்முதல் நின்றது. தந்தை மறுபடியும் நொடித்தார். பெரும் செல்வத்தின் வரவும் அழிவும் எத்தனை விரைவானவை என்பதை இருபத்தைந்து வயதுக்குள் பார்த்துவிட்டவர் நோபல்.

அவர் கையில் எடுத்த பொருள் நைட்ரோகிளிசரின். 1847இல் இத்தாலியரான அஸ்கானியோ சொப்ரேரோ அதைக் கண்டுபிடித்தார். கறுப்பு வெடிமருந்தைவிடப் பன்மடங்கு ஆற்றல் கொண்ட எண்ணெய் போன்ற திரவம் அது. ஆனால், சிறு அதிர்ச்சிக்கும் சூட்டுக்கும் வெடிக்கக்கூடியது. அதைச் செய்தவரே அதன் பயன்பாட்டுக்கு அஞ்சி ஒதுங்கினார். சில நேரங்களில் தொட்டால் வெடிக்கும். வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காமலும் போகும். இந்த இரண்டாவது குறையைத்தான் நோபல் முதலில் தீர்த்தார். 1863 தொடங்கி அவர் உருவாக்கி மேம்படுத்திய டெட்டனேட்டர், விரும்பிய நேரத்தில் அதை வெடிக்கச் செய்தது. விரும்பாத நேரத்தில் வெடிக்காமலிருக்கச் செய்யும் வழி அப்போது அவரிடம் இல்லை.

1864 செப்டம்பர் 3ஆம் தேதி ஸ்டாக்ஹோமின் ஹெலனெபோரி பகுதியில், குடியிருப்புகளுக்கு நடுவே இருந்த நோபல் குடும்பத்தின் பட்டறை வெடித்தது. ஐந்து பேர் இறந்தனர். ஆல்ஃபிரட்டின் தம்பி எமிலும் ஒருவர், வயது இருபது. வேலைக்கு வந்திருந்த பதின்மூன்று வயதுச் சிறுவனும் ஒருவன். விசாரணையில் தந்தை இம்மானுவேல் தந்த விளக்கம், எமில் புதிய முறையைச் சோதித்தபோது வெப்பநிலையைக் கவனிக்கத் தவறியிருக்க வேண்டும் என்பதுதான். பெற்ற மகனே ஆனாலும், பழி இறந்தவர் மீது போய் அமர்ந்தது. அனுமதி இல்லாமல், வீடுகள் சூழ்ந்த இடத்தில், அவ்வளவு கொடிய பொருளை ஏன் செய்தார்கள் என்ற வினாவுக்கு அந்த விளக்கம் விடையாகாது. வெம்பக்கோட்டைப் பகுதிக் கிராமங்களில் வீட்டுக்குள் மறைவாகப் பட்டாசு செய்யும் அவலத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இராது.

அடுத்த சில மாதங்களில் தந்தை பக்கவாதத்தில் விழுந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, எமில் இறந்த அதே செப்டம்பர் 3ஆம் தேதி அவரும் இறந்தார். ஆல்ஃபிரட் வேலையை நிறுத்தவில்லை. நகர எல்லைக்குள் தயாரிக்கத் தடை வந்ததும், மாலரன் ஏரியில் ஒரு படகை நிறுத்தி அதன்மேல் தயாரித்தார். 1865இல் ஸ்டாக்ஹோமுக்கு வெளியே ஒரு பள்ளத்தாக்கில் ஆலை அமைந்தது. அடுத்து ஜெர்மனியில் ஹாம்பர்க் நகருக்கு அருகே க்ரூமலில் இன்னொன்று. தகரக் குப்பிகளில் அடைத்த எண்ணெய் கப்பலேறி உலகெங்கும் போயிற்று.

அவர் வாழ்க்கையின் இருண்ட பகுதி இதுதான். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வதில் பயனில்லை. அந்தக் குப்பிகள் வழியில் கசிந்தன. அது என்னவென்று அறியாதவர்கள் அதை வண்டிச் சக்கரத்துக்கு மசகாகப் பூசினர். காலணிக்கு மெருகேற்றவும் பயன்படுத்தினர். 1865இல் நியூயார்க்கில் ஒரு விடுதியில் பயணி ஒருவர் விட்டுச்சென்ற பெட்டி நெடுநாள் அங்கேயே கிடந்தது, அதிலிருந்து புகை வரக் கண்டு தெருவுக்குக் கொண்டுபோய்ப் போட்டனர், அது வெடித்தது. 1866 ஏப்ரல் மாதம் பனாமா கடற்கரையில் நைட்ரோகிளிசரின் ஏற்றிவந்த கப்பல் வெடித்துப் பலர் மாண்டனர். அதே மாதம் சான்பிரான்சிஸ்கோவில், கசிந்த பெட்டியைத் திறந்து பார்க்க முயன்றபோது அந்தக் கட்டடமே தகர்ந்தது. க்ரூமல் ஆலையும் அதே ஆண்டில் அழிந்தது.

ஒவ்வொரு நிகழ்விலும் ஒரு மனிதத் தவறு இருந்தது. பெட்டியைத் தூக்கிப் போட்டவர், குப்பியை உடைத்துத் திறந்தவர், எண்ணெயைத் தவறாகப் பயன்படுத்தியவர் என்று யாரையேனும் சுட்டிக்காட்ட முடிந்தது. நோபலும் முதலில் அந்த வாதத்தையே பற்றிக்கொண்டார். முறையாகக் கையாண்டால் ஆபத்தில்லை என்று மெய்ப்பிக்க அமெரிக்கா வரை சென்று பொதுமக்கள் முன் செயல்முறை விளக்கம் செய்து காட்டினார். அதனால் பயன் விளையவில்லை. நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைகளும் கட்டுப்பாடுகளும் விதிக்கத் தொடங்கின. சந்தையே மூடப்படும் நிலை வந்தது.

அந்த நெருக்கடியில்தான் அவர் தம் வினாவை மாற்றிக்கொண்டார் என்று நான் கருதுகிறேன். மனிதர்களை எப்படிக் கவனமாக இருக்கச் செய்வது என்று கேட்பதை விடுத்து, கவனம் தவறினாலும் தாங்கக்கூடிய பொருளை எப்படிச் செய்வது என்று கேட்டார். எல்பே ஆற்றில் ஒரு மிதவையின் மேல் சோதனைகளை நடத்தினார். மரத்தூள், கரித்தூள் என்று பலவற்றில் எண்ணெயை ஊறவைத்துப் பார்த்தார். ஆலைக்கு அருகிலேயே கிடைத்த, நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான இலேசான மண் அதற்குப் பொருந்தியது. மூன்று பங்கு நைட்ரோகிளிசரினை ஒரு பங்கு மண் உறிஞ்சிக்கொண்டது. பிசைந்து, உருட்டி, குச்சியாக்கித் துளையில் திணிக்கலாம். கீழே விழுந்தால் எளிதில் வெடிக்காது. டெட்டனேட்டர் வைத்தால் தவறாது. 1867இல் அவர் காப்புரிமை பெற்ற அந்தப் பொருளின் பெயர் டைனமைட்.

கசிந்த எண்ணெய் மண்ணில் ஊறியதைத் தற்செயலாகக் கண்டு அவர் இதைக் கண்டுபிடித்தார் என்றொரு கதை உண்டு. நோபல் அதை மறுத்தார். முறையாகத் தேடிக் கண்டதே அது என்பதில் உறுதியாக இருந்தார். பாதுகாப்பு தற்செயலாக வருவதில்லை என்பதால் இந்த மறுப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

டைனமைட்டிலும் குறை இருந்தது. ஈரம் பட்டால் எண்ணெய் மீண்டும் வெளியே கசிந்தது. அதற்கும் அவர் விடை தேடினார். 1875இல் உருவான வெடிக்கும் ஜெலட்டின் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. நம் கல்குவாரிகளிலும் கிணறு வெட்டும் இடங்களிலும் ஜெலட்டின் குச்சி என்று வழங்கும் பெயரின் வேர் அங்கேதான் உள்ளது. நீலகிரியின் அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கார்டைட் தொழிற்சாலைக்கும் அவர் கதையில் ஓர் இழை உண்டு. நோபலின் புகையில்லா வெடிமருந்தான பாலிஸ்டைட்டை ஒத்தது கார்டைட். அது தம் உரிமையைப் பறிப்பதாகப் பிரிட்டனில் வழக்குத் தொடுத்து அவர் தோற்றுப்போனார்.

பொருளை மாற்றியதோடு நோபலின் தொழில் நின்றுவிடவில்லை, வேலையிடமும் மாறியது. ஸ்காட்லாந்தில் ஆர்டீர் என்னும் கடலோர மணற்பரப்பில் 1870களின் தொடக்கத்தில் அவருடைய நிறுவனம் எழுப்பிய ஆலை, உலகின் பெரிய வெடிபொருள் ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. அங்கே கட்டடங்கள் சிறியவை, ஒன்றுக்கொன்று விலகியவை, நடுவே மண்கரைகள். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறைக்குப் பரவக் கூடாது என்பதே நோக்கம். நைட்ரோகிளிசரின் உருவாகும் கலத்தின் வெப்பமானியைக் கண்காணிப்பதே ஒருவருக்கு முழுநேர வேலை. அவர் அமர்வதற்குத் தந்த முக்காலிக்கு ஒரே ஒரு கால்தான். கண்ணயர்ந்தால் சாய்ந்து விழுவார், விழுந்தால் விழித்துக்கொள்வார். வெப்பம் எல்லை மீறினால் கலத்திலுள்ளதைக் கீழே உள்ள நீர்த்தொட்டியில் கொட்டிவிட்டு ஓடிவிட வழி இருந்தது.

அந்த ஒற்றைக் கால் இருக்கையைப் பற்றி நான் நிறைய எண்ணியிருக்கிறேன். அது ஒரு வகையில் இரக்கமற்ற ஏற்பாடு. சோர்ந்த உடலை ஓய்வெடுக்க விடாத ஏற்பாடு. வேலை நேரத்தைக் குறைத்து ஆளை மாற்றுவதே அதைவிட மேலான வழி. எனினும், மனிதன் தூங்கிவிடக்கூடியவன் என்ற உண்மையை அது ஒப்புக்கொண்டது. தூங்காதே என்று சுவரில் எழுதிவைத்துவிட்டுக் கைகழுவவில்லை.

இந்த மாற்றங்களுக்கு நோபலின் நல்லெண்ணம் மட்டுமே காரணமில்லை. பிரிட்டன் 1869இல் நைட்ரோகிளிசரினைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே இயற்றியது. 1875இல் அங்கே விரிவான வெடிபொருள் சட்டம் வந்தது. இந்தியாவின் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் அதன் வழியில் பிறந்தது. இன்றும் சிவகாசியில் நாக்பூர் உரிமம் என்றும் சென்னை உரிமம் என்றும் பேசப்படுவதெல்லாம் அந்தச் சட்டத்தின் கீழ் வருபவைதான். ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான், அறைக்கு அறை இவ்வளவு இடைவெளி என்ற விதிகளின் பின்னே நோபல் காலத்துச் சாம்பல் மேடுகள் இருக்கின்றன.

பொருளாதார நோக்கில் பார்த்தால் கதை தெளிவானது. விபத்தின் விலை தொழிலை நடத்துபவரின் கணக்கில் ஏறியபோது பாதுகாப்புக்கான கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. கப்பல்காரர்கள் ஏற்ற மறுத்தனர், அரசுகள் தடுத்தன, சந்தை மூடியது. ஆபத்தான பொருளை அப்படியே விற்பதைவிட, அதை மாற்றுவது இலாபகரமானதாயிற்று. நோபல் 20 நாடுகளில் ஏறத்தாழ 90 ஆலைகளுக்கு அதிபதியானது பாதுகாப்பைச் சுமையாகக் கருதியதால் அன்று, பாதுகாப்பை விற்றதால்.

நம் மாவட்டத்தில் கணக்கு தலைகீழாக இருக்கிறது. உரிமம் பெற்றவர் ஒருவர். உள்குத்தகைக்கு எடுத்து அறைகளை நடத்துபவர் வேறொருவர். குத்தகை முடிவதற்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டிய அவசரம் அவருக்கு. தீபாவளி நெருங்க நெருங்க அனுமதித்த அளவுக்கு மேல் மருந்தும், அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களும் ஓர் அறைக்குள் சேர்கிறார்கள். செய்த எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் வேகம் கூடுகிறது. வேகம் கூடக் கூட உராய்வும் கூடுகிறது. அன்று கலந்த மருந்தை அன்றே தீர்த்துவிட வேண்டும் என்பது விதி. மிஞ்சியதை மறுநாளைக்கு வைத்துக்கொள்வது வழக்கம். அலுமினியத் தூளில் ஈரம் பட்டால் தானே சூடேறும் என்பதை வேதியியல் படித்தவர் அறிவார். மருந்து செலுத்தும் பெண்ணுக்கு அதை யார் சொன்னார்கள்? விபத்து நேர்ந்தால் அரசு நிவாரணம் அறிவிக்கிறது. ஆலை சில மாதங்கள் மூடியிருக்கிறது; பிறகு வேறு ஏற்பாட்டில் திறக்கிறது. விபத்தின் முழு விலையை ஏற்பவை தாயில்லாத வீடுகள்தாம்.

இந்தச் சூழலில் கவனக்குறைவு என்ற சொல் ஒரு பொருளாதாரப் பணியைச் செய்கிறது. செலவை இறந்தவரின் பெயரில் எழுதிவைக்கிறது.

நம்மால் மாற முடியாது என்பதில்லை. கந்தகத்தோடு குளோரேட் உப்பைச் சேர்ப்பது உராய்வில் எளிதாகத் தீப்பற்றும் கலவை. 1992இல் மத்திய அரசு அதற்குத் தடை விதித்தது. அது நோபல் பாதையிலான சீர்திருத்தம்: தொழிலாளிக்கு அறிவுரை சொல்வதற்கு முன் பொருளை மாற்றுவது. அதே பாதையில் அடுத்த அடிகள் எவை என்பதும் தெரியாததல்ல. கலவையையும் மருந்து செலுத்துவதையும் தொலைவிலிருந்து இயக்கும் பொறிகளுக்கு மாற்றுவது முதல் அடி. முடியாத இடத்தில், அந்த இரண்டு வேலைகளுக்கேனும் எண்ணிக்கைக் கூலியை ஒழித்து நாள்கூலி தருவது அடுத்தது. உள்குத்தகை கண்டறியப்பட்டால் உரிமதாரரே முழு இழப்பீட்டுக்கும் பொறுப்பு என்றாக்குவது மூன்றாவது. ஆலையின் விபத்து வரலாற்றுக்கு ஏற்பக் காப்பீட்டுக் கட்டணம் ஏறவும் இறங்கவும் செய்தால், ஆய்வாளர் வராத நாளிலும் முதலாளியின் கணக்குப் புத்தகம் அவரைக் கண்காணிக்கும். சிறிய ஆலைகள் இதைத் தாங்குமா என்று கேட்கலாம். பொதுவான கலவை நிலையங்களைக் கூட்டாக அமைத்துக்கொள்ள அரசு கடன் உதவி செய்வதே அதற்கு விடை. நிவாரணத்துக்குச் செலவிடும் பணத்தை முன்கூட்டியே செலவிடுவதுதான் அது.

நோபலின் இறுதி ஆண்டுகள் தனிமையில் கழிந்தன. திருமணம் செய்துகொள்ளவில்லை. பாரிஸை விட்டு 1891இல் இத்தாலியின் சான் ரெமோவுக்குக் குடிபெயர்ந்தார். இந்தியர்கள் பின்னாளில் வேறு காரணத்துக்காக அறிந்த போஃபர்ஸ் நிறுவனத்தை 1894இல் வாங்கினார். இதய நோய்க்கு மருத்துவர்கள் அவருக்குப் பரிந்துரைத்த மருந்து நைட்ரோகிளிசரின்! அந்த முரணை அவரே வியந்துகொண்டார். 1895 நவம்பர் 27 அன்று கையொப்பமிட்ட உயிலில் தம் செல்வத்தின் பெரும்பகுதியைப் பரிசுகளுக்கு ஒதுக்கினார். 1896 டிசம்பர் 10 அன்று இறந்தார். சுமார் 3 கோடி ஸ்வீடன் குரோனர் அளவிலான அந்தச் செல்வத்திலிருந்து 1901 முதல் பரிசுகள் வழங்கப்படுகின்றன.

அந்த உயிலில் எமிலுக்கோ, அவரோடு இறந்த சிறுவனுக்கோ, பனாமாவிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் மாண்டவர்களுக்கோ நினைவுச் சின்னம் எதுவும் இல்லை. அவர்களுக்கான நினைவுச் சின்னம் என்று ஒன்று உண்டென்றால், கைதவறி விழுந்தாலும் வெடிக்காத அந்தக் குச்சியே எனலாம். அதே குச்சி போர்களிலும் படுகொலைகளிலும் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாதுகாப்பாகச் செய்யப்பட்ட பொருள் நன்மைக்கே பயன்படும் என்ற உத்தரவாதம் யாரிடமும் இல்லை.

ஆயினும், அவர் வாழ்க்கையிலிருந்து வெம்பக்கோட்டைக்கு எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. அடுத்த விபத்தின் முதல் தகவல் அறிக்கையில் யார் கவனக்குறைவாக இருந்தார் என்று எழுதும் முன், அந்த அறையில் எவ்வளவு மருந்து இருந்தது, எத்தனை பேர் இருந்தனர், எந்தக் கூலி முறையில் இருந்தனர், யாருடைய குத்தகையில் இருந்தனர் என்ற நான்கு விவரங்கள் பதிவாக வேண்டும். மாவட்ட நிர்வாகம் அவற்றை ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடட்டும். அந்தப் பட்டியலில் நான்கு நிரல்களும் நிரம்பியிருக்கும்போது, ஐந்தாவது நிரலில் கவனக்குறைவு என்று எழுதுவதற்கு அதிகாரிகளின் கை கொஞ்சம் தயங்கும்.